விளிம்பு தேய்ந்த முதல் உலகப்போர் வெள்ளிப் பதக்கம்: எண்ணைப் படிக்க உதவி வேண்டும்

வணக்கம். பிரிட்டிஷ் வார் மெடல், வெள்ளி, 36 மி.மீ. பின்புறம் குதிரைமேல் செயின்ட் ஜார்ஜ், குளம்படியில் கழுகுக் கேடயம். விளிம்பில் 'சாப்பர்' என்ற பதவியும், கடைசியில் 'எஸ். அண்ட் எம்.' என்பதும் தெளிவு. சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்தான், அதாவது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படை. ஆனால் அதில் எந்தப் பிரிவு? விளிம்பிலுள்ள படை எண் 1 என்றால் வங்காளம், 2 மதராஸ், 3 பம்பாய். பாழாய்ப்போன அந்த எண்தான் மழுங்கியிருக்கிறது.

வெர்னியர் காலிப்பரில் பல இடங்களில் அளந்ததில், அங்கே மட்டும் விட்டம் 0.3 மி.மீ. குறைவு. சாதாரணத் தேய்மானம் இப்படி ஓரிடத்தில் மட்டும் குழியாது. அரம் போட்டு அழித்தார்களோ என்று பயம். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் வளைகோடு ஒன்று மட்டும் நிழலாடுகிறது. 2ஆ, 3ஆ?

மதராஸ் சாப்பர் பதக்கம் வைத்திருப்பவர்கள் விளிம்பை நெருக்கத்தில் படமெடுத்துப் போடுங்கள். எழுத்தின் உயரத்தையும் இடைவெளியையும் ஒப்பிட வேண்டும். தயவுசெய்து பாலிஷ் போடாமல் எடுங்கள், மிச்சமுள்ள எழுத்தும் போய்விடும்.