யூரின் இன்ஃபெக்‌ஷன் சரியாச்சு, இப்ப ரெண்டு காலும் வீக்கம்

குடியாத்தம்வாசி:
அம்மாவுக்கு 66 வயசு. சர்க்கரை உண்டு. பிபிக்கு ரெண்டு வருஷமா டெல்மிசார்ட்டன் 40, அம்லோடிபின் 5 சேர்ந்த மாத்திரை. 5 நாள் அட்மிட்; அமிகாசின்னு ஆன்டிபயாடிக் ஊசி, தினம் 2 பாட்டில் சலைன். காய்ச்சல், எரிச்சல் போயிடுச்சு. வீட்டுக்கு வந்த மூணாம் நாள் கொலுசைக் கழட்ட முடியல, முன்னங்கால்ல அமுக்கினா குழி விழுது. முட்டி வலிக்கு டைக்ளோபெனாக் போடுறாங்க. மெடிக்கல்ல நீர் பிரியற மாத்திரை கேட்டு வாங்கலாமா?

மருந்துச்சீட்டு:
வேணாம். 500 மில்லி சலைன்ல நாலரை கிராம் உப்பு இருக்கு. 10 பாட்டில்னா 45 கிராம். ஒரு நாளைக்கு 5 கிராம்தான் கணக்கு, அதுவே 9 நாள் உப்பு. சர்க்கரைக்காரங்க கிட்னி அதை மெதுவாத்தான் வெளியேத்தும்.

சலைன் மட்டும்னா வீக்கம் தானா வத்தும். எனக்கு உறுத்தறது டைக்ளோபெனாக். அது கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைச்சு உப்பைத் தேக்கும். பிபி மாத்திரைல இருக்கற டெல்மிசார்ட்டனோட சேர்ந்து டைக்ளோ ஏற்கெனவே ஓடுது. மேல நீர் மாத்திரையும் ஏத்தினா கிட்னி படுத்துடும். டைக்ளோவை இன்னைக்கே நிறுத்துங்க, வலிக்கு பாராசிட்டமால் போதும். பிபி மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

ஆற்காடு லேப்:
அமிகாசினால கிட்னிக்கு வர்ற பாதிப்பு பெரும்பாலும் ஊசி ஆரம்பிச்சு 5–7 நாள் கழிச்சுத்தான் தெரியும். அதுல யூரின் அளவு குறையாமலே இருக்கலாம், "நல்லா போகுதே"ன்னு விட்டுடாதீங்க. நாளைக்கே டெஸ்ட் எடுங்க: ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி வேலை செய்யறதைக் காட்டற அளவு), பொட்டாசியம், ஆல்புமின்ங்கற புரதம்; யூரின்ல புரதம். டிஸ்சார்ஜ் பேப்பர்ல இருக்கற கிரியாட்டினினோட ஒப்பிடுங்க. 0.9 இருந்தது 1.4 ஆனா பாக்க சின்ன நம்பர், ஆனா ஒன்றரை மடங்கு.

குடியாத்தம்வாசி:
அம்லோடிபினால இருக்குமா? வெயிலுக்கு இளநீர் தரலாமா?

மருந்துச்சீட்டு:
அதே டோஸ்ல ரெண்டு வருஷம் வீங்காத கால் இப்ப திடீர்னு அதுக்காக வீங்க வாய்ப்பு கம்மி. இளநீர்ல பொட்டாசியம் அதிகம், டெல்மிசார்ட்டனும் அதை ஏத்தும். ரிப்போர்ட் வரட்டும். நெருஞ்சில் கஷாயமும் அதுவரைக்கும் வேணாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு கட்.

காலைல பாத்ரூம் போய்ட்டு வந்ததும் எடை பாருங்க. ஒரு கிலோ ஏறினா ஒரு லிட்டர் தண்ணி தேங்கியிருக்கு.

ஆற்காடு லேப்:
ஒண்ணு விட்டுப்போச்சு. 5 நாள் படுக்கைல இருந்தவங்க. ஒரு கால் மட்டும் பெருசாகி கெண்டைச்சதை வலிச்சா ரத்தக்கட்டியா இருக்கலாம், உடனே டாப்ளர் (ரத்த ஓட்டம் பாக்கற ஸ்கேன்) பாக்கணும். அந்தக் காலை உருவி விடாதீங்க, எண்ணெய் போட்டு நீவவும் கூடாது. படுத்தா மூச்சு வாங்குது, இல்ல யூரின் ஒரு நாளைக்கு 400 மில்லிக்குக் கீழ போகுதுன்னா லேபுக்கு வராதீங்க, நேரா எமர்ஜென்சி.