சுவரில் பதித்த ஏடிஎம்: சாரல் மழையில் உள்ளே தண்ணீர் வருகிறது, எங்கே அடைப்பது?

நாகை கடைத்தெரு (கேள்வி)

வணக்கம். நாகப்பட்டினத்தில் அப்பா கட்டிய கட்டடத்தின் கீழ்த்தளத்தை ஒரு வங்கிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். முன்சுவரை உடைத்து ஏடிஎம் பதித்திருக்கிறார்கள். திரை, கார்டு செருகும் வாய், பணம் வரும் வாய் எல்லாம் தெருப்பக்கம். பெட்டியின் உடம்பு உள்ளே ஒரு சின்ன அறையில் இருக்கிறது. பணம் நிரப்புவதும் அங்கிருந்துதான், அந்தச் சாவி வங்கியிடம்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து தொல்லை. சுவர் கிழக்குப் பார்த்தது, வாடைக்காற்றோடு வரும் மழை நேராக முகத்தில் அடிக்கிறது. இதுவரை மூன்று தடவை மெஷின் நின்றுவிட்டது. உள்ளறையில் பெட்டிக்கு இடப்பக்கம் சுவரெல்லாம் ஓதம், தரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தண்ணீர் தேங்குகிறது. வங்கியில் கேட்டால் “உங்கள் சுவர் ஒழுகுகிறது” என்கிறார்கள். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு “சுவரில் ஒன்றும் இல்லை, மெஷினைச் சுற்றி அரை அங்குலம் இடைவெளி விட்டிருக்கிறார்கள், அதுதான்” என்றார். அவர் சொன்னபடி இரண்டு ட்யூப் சிலிக்கான் வாங்கி நான்கு பக்கமும் பூசினோம். அடுத்த மழையில் தண்ணீர் முன்னைவிட அதிகம்.

மேலே சன்ஷேடு 2 அடி நீட்டம், தரையிலிருந்து 7 அடி உயரத்தில். உள்ளறை ஏசி எப்போதும் 18-ல் ஓடுகிறது.

மாத முதல் வாரத்தில் பென்ஷன் எடுக்க வரும் பெரியவர்கள் குடையோடு நின்று பார்த்துவிட்டு, திரை இருண்டிருப்பதைக் கண்டு திரும்பிப் போகிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. யார் செலவு என்பது அப்புறம். முதலில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரிய வேண்டும்.

தஞ்சை வாசகர்

வெள்ளை சிமெண்டைக் குழைத்து அந்த இடைவெளியை நன்றாக அடைத்துவிடுங்கள். மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் போதும்.

கரணை பிடித்தவன்

தயவுசெய்து சிமெண்ட் வேண்டாம். கிழக்குச் சுவர், காலை வெயில் நேராக மெஷினைச் சுற்றியுள்ள இரும்புச் சட்டத்தில் விழும். இரும்பு சூட்டில் விரியும், ராத்திரி சுருங்கும். சுவர் அந்த அளவுக்கு அசையாது. நடுவில் இறுகிப்போன சிமெண்ட் ஒரு மாதத்தில் மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும். அரை அங்குல இடைவெளியைவிட மயிரிழை விரிசல் மோசம்.

தங்கச்சி, 30 வருஷமாகக் கடலோரத்தில் கட்டட வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, பூசிய பிறகு தண்ணீர் கூடியது என்பதுதான். அப்படியென்றால் தண்ணீர் வருவது நீங்கள் அடைத்த இடம் வழியாக அல்ல. மேலே வேறு எங்கேயோ நுழைகிறது. முன்பு அது சட்டத்தின் அடிப்பக்க இடைவெளி வழியாகத் தெருப்பக்கமே வடிந்துகொண்டிருந்தது. நீங்கள் அந்த வாசலையும் மூடிவிட்டீர்கள். போக வழியில்லாமல் உள்ளறைக்கு வருகிறது.

சன்ஷேடு கணக்கையும் சொல்கிறேன். காற்றோடு வரும் மழை 45 பாகையில் சாய்ந்து விழுந்தால் 2 அடி சன்ஷேடு தனக்குக் கீழே 2 அடியைத்தான் காக்கும். 7 அடியில் இருக்கிறது என்றால் அங்கிருந்து கீழே 5 அடி உயரம் வரைக்கும்தான் நனையாது. மெஷினின் திரையும் வாயும் 3 அடிக்கும் 4½ அடிக்கும் நடுவில் இருக்கும். ஆக மழைக்காலம் முழுக்க மெஷின் திறந்தவெளியில் நிற்கிற மாதிரிதான்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். மழை இல்லாத நாளிலும் ஈரம் இருக்கிறதா? சட்டத்துக்கு மேலே சுவரில் ஓட்டை ஏதாவது உண்டா, போர்டு மாட்டியது, பைப், கேமரா, வயர், எதுவானாலும்?

பழைய சர்வீஸ் பையன், தூத்துக்குடி

அக்கா, ஆறு வருஷம் ஏடிஎம் சர்வீஸில் இருந்தேன், இப்போது வேறு வேலை. அண்ணன் கேட்ட முதல் கேள்விக்கு நான் ஒரு காரணம் சொல்கிறேன். ஏசி 18.

மழை விட்ட ராத்திரி நாகையில் வெளிக்காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அங்கே வியர்க்கும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாகப் பூக்குமே, அதேதான். 18-ல் குளிர்ந்த அறையில் மெஷின் முகப்பின் பின்பக்க இரும்பு கிட்டத்தட்ட அதே குளிரில் இருக்கும். இடைவெளி வழியாகத் தெருக்காற்று உள்ளே கசியும் இடமெல்லாம் வியர்க்கும். மழையே பெய்யாத நாளிலும் சொட்டும்.

உள்ளறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது அறைக்காற்றை வெளியே தள்ளத் தள்ள, ஈடுகட்ட வெளிக்காற்று எல்லா இடுக்கு வழியாகவும் இழுபடும். சாரல் அடிக்கும்போது தண்ணீரையும் சேர்த்து இழுக்கும்.

ஈரத்தில் முதலில் மாட்டுவது நோட்டு. நம் ரூபாய் நோட்டு பருத்திக் காகிதம், ஈரத்தை உடனே வாங்கிக்கொள்ளும். இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு வந்தால் மெஷின் கண்டுபிடித்து ரிஜெக்ட் பெட்டிக்கு அனுப்பும். அது திரும்பத் திரும்ப நடந்தால் மெஷின் தானே நின்றுவிடும். உங்கள் மெஷின் மூன்று தடவை நின்றதில் எத்தனை தடவை இந்தக் காரணம் என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள், பதிவு இருக்கும்.

இன்னொன்று. “மெஷின் ஐபி 54, ஐபி 65, தண்ணீர் போகாது” என்று யாராவது சொன்னால், அந்தத் தூசி, தண்ணீர் தாங்கும் தரக்குறி முகப்புக்குத்தான். கடைசி எண் 4 என்றால் தெறிக்கும் தண்ணீர், 5 என்றால் பீய்ச்சும் தண்ணீர் தாங்கும் என்று பொருள். முகப்புக்கும் உங்கள் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்கு அந்த எண்ணோடு சம்பந்தமே இல்லை. அதை அடைப்பது மாட்டியவர்களின் கை வேலை.

பெட்டியை நீங்கள் தொடவேண்டாம் அக்கா. சோதனை எதுவானாலும் வங்கி மேலாளரும் சர்வீஸ் ஆளும் இருக்கும்போது, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு.

நாகை கடைத்தெரு

இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று மழை இல்லை. இன்று காலை மேலாளர் கதவைத் திறந்து காட்டினார். முகப்பின் பின்பக்க இரும்பில் கை வைத்தால் நனைகிறது. தரையிலும் கொஞ்சம் ஈரம், ஆனால் மழை நாளில் வரும் அளவு இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, ஓடிக்கொண்டும் இருக்கிறது. மூன்று தடவையில் இரண்டு தடவை நோட்டு மாட்டித்தான் நின்றதாம்.

சட்டத்துக்கு மேலே ஓட்டை என்றால், விளக்குப் போர்டுக்கு வயர் போகும் ஓட்டை ஒன்று உண்டு. இடப்பக்கம் மேலே. போர்டு மாட்டிய நான்கு ஸ்க்ரூவும் துருப்பிடித்து, சுவரில் பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறது.

கரணை பிடித்தவன்

அந்தப் பழுப்புக் கோடு தண்ணீர் போகும் தடம். ஓதமும் இடப்பக்கம்தானே இருக்கிறது.

சோதனை இப்படிச் செய்யுங்கள். மெஷின் முகப்பைப் பாலித்தீன் விரிப்பால் மூடி நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். போர்டு மின்சாரத்தையும் துண்டியுங்கள். உள்ளறைச் சுவரிலும் சட்டத்தைச் சுற்றிலும் முகப்பவுடர் தூவச் சொல்லுங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரம் பட்டால் ஓடின வழி அப்படியே கோடாகத் தெரியும். வெளியே ஒரு ஆள் மக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஹோஸ் வேண்டாம். சட்டமும் சுவரும் சேரும் அடிப்பக்க இணைப்பில் தொடங்கி, 10 நிமிஷம் ஊற்றி, உள்ளே பார்த்துவிட்டு, அப்புறம் பக்கவாட்டு, அப்புறம் மேல் இணைப்பு, கடைசியாகப் போர்டு. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது வழி என்று தெரியாமல் போகும்.

அதற்கு முன் அடிப்பக்கம் பூசிய சிலிக்கானை பிளேடால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

நாகை கடைத்தெரு

செய்துவிட்டோம். அடிப்பக்க சிலிக்கானை வெட்டியதும் பழுப்பு நிறத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. மழை நின்று இரண்டு நாளான பிறகும் அவ்வளவு உள்ளே நின்றிருக்கிறது!

அடியில் ஊற்றினோம், ஒன்றும் இல்லை. பக்கவாட்டிலும் இல்லை. மேல் இணைப்பில் ஊற்றியபோது வலது மூலையில் இரண்டு சொட்டு. போர்டுக்கு மேலே ஊற்றி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, உள்ளேயிருந்து மேலாளர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வயர் வெளிவரும் இடத்திலிருந்து பவுடரில் விரல் அகலத்துக்குக் கோடு, நேராக ஓதம் பிடித்த இடத்துக்கு. வயரின் மேலேயே தண்ணீர் ஊர்ந்து வருகிறது. பக்கத்தில் பவர் பாயிண்ட். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது.

இப்போது எப்படிச் சரிசெய்வது?

கரணை பிடித்தவன்

முதலில் வயர். அந்த ஓட்டை வெளிப்பக்கம் தாழ்ந்து, உள்பக்கம் உயர்ந்து இருக்க வேண்டும். பழைய ஓட்டையை அடைத்துவிட்டு அந்த வாட்டத்தில் புதிதாகத் துளை போடுங்கள். வயர் நேராக ஓட்டைக்குள் போகக் கூடாது. போர்டிலிருந்து இறங்கி, ஓட்டைக்குக் கீழே ஒரு சாண் தொங்கி, வளைந்து மேலேறி நுழைய வேண்டும். வயரில் ஓடும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். மின்வேலை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையில். போர்டு லைனுக்குக் கசிவு பிரேக்கர் (மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டத்தைச் சுற்றிப் பழைய சிலிக்கான் முழுக்க வர வேண்டும். பூசும்போது புளித்த வினிகர் வாசனை வந்ததா? வந்திருந்தால் அது அமிலம் விடும் ரகம், சிமெண்டில் சரியாகப் பிடிக்காது, இரும்பை அரிக்கும். ‘நியூட்ரல்’ ரகம் கேட்டு வாங்குங்கள். இடைவெளி அரை அங்குலம், அதாவது 12 மி.மீ. என்றால் 15 மி.மீ. நுரைக்கயிறு வாங்கி உள்ளே அழுத்தி வைத்துவிட்டு, அதன்மேல் 6 மி.மீ. கனத்துக்கு மட்டும் பூச வேண்டும். கயிறு இல்லாமல் குழி நிறையப் பூசினால் பின்பக்கமும் ஒட்டிக்கொள்ளும், சட்டம் அசையும்போது கிழியும். சுவர் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு நாள் வெயில் அடிக்கும்வரை காத்திருங்கள், அவசரப்பட்டால் மறுபடியும் பிய்ந்து வரும்.

மேலேயும் இரண்டு பக்கமும் முழுக்க அடையுங்கள். அடிப்பக்கம் இரண்டு இடத்தில் விரல் அகலம் திறந்தே இருக்கட்டும். எவ்வளவு நன்றாக அடைத்தாலும் என்றாவது கொஞ்சம் தண்ணீர் போகும். அது திரும்பி வர வழி வேண்டும்.

சட்டத்துக்கு மேலே சுவரில் காடி வெட்டி, அதில் வளைத்த ஸ்டெயின்லெஸ் தகடு செருகினால் சுவரில் வழியும் தண்ணீர் இணைப்பைத் தொடாமல் முன்னால் சொட்டும். வலது மூலைச் சொட்டுக்கும் அதுவே மருந்து. சன்ஷேடை 4 அடிக்கு நீட்டுங்கள், அப்போது 3 அடி உயரம் வரை காக்கும். இரண்டு பக்கமும் தடுப்பு வைத்தால் நல்லது, ஆனால் கேமரா பார்வையை மறைக்காமல், சக்கர நாற்காலி வருகிற சாய்தளத்தை அடைக்காமல். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 ரகம் வாங்குங்கள். கடல் உப்பில் 304 துரு விடும்.

பழைய சர்வீஸ் பையன், தூத்துக்குடி

வங்கியிடம் நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டியவை: ஏசியை 24, 25-க்கு ஏற்றுவது, குளிர்காற்று நேராக மெஷின் முதுகில் வீசாமல் திருப்புவது, எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துவது, முகப்பின் ரப்பர் கேஸ்கெட்டையும் பணவாய் ஷட்டரையும் சர்வீஸ் ஆள் பார்ப்பது. ஃபேனை நிறுத்தினால் சூடு ஏறுகிறதா என்று ஒரு வாரம் கவனிக்கட்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் இதெல்லாம் போதாது. 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது என்ன காற்று அடித்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதிரி நாளில் முன்னாலேயே மெஷினை அணைத்து, முகப்பைப் பலகையால் மூடச் சொல்லுங்கள்.

நாகை கடைத்தெரு

வயரும் இணைப்பும் தகடும் முடிந்தன. சன்ஷேடு நீட்டும் வேலை தை பிறந்த பிறகுதான். அதுவரை தற்காலிகமாக ஷீட் கட்டியிருக்கிறோம். வங்கி ஏசியை 25-ல் வைத்து ஃபேனை நிறுத்திவிட்டார்கள், முகப்பு கேஸ்கெட்டும் மாற்றிவிட்டார்கள். செலவு இணைப்புக்கு அவர்கள், சுவருக்கு நாங்கள் என்று பேசி முடித்தோம்.

முந்தாநாள் ராத்திரி முழுக்க அடைமழை. காலையில் மேலாளர் போன் செய்து, தூவிய பவுடர் தூவியபடியே வெள்ளையாக இருக்கிறது என்றார். வெளியே போய்ப் பார்த்தேன். அடியில் விட்ட இரண்டு வாயில் ஒன்றிலிருந்து மெல்லச் சொட்டிக்கொண்டிருந்தது. மெஷின் முன்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள்.

அண்ணே, அந்தச் சொட்டு பரவாயில்லைதானே?

கரணை பிடித்தவன்

வெளியே சொட்டினால் நல்லதுதான் தங்கச்சி. அந்த இரண்டு வாயிலும் குளவிக்கூடு கட்டாமல் மாதம் ஒருமுறை குச்சி விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.