ஒரே உயரம், வேறு வேறு கால்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மானாமதுரை வானம்:

விமானப்படையில் பைலட் பிரிவுக்கு மெடிக்கல் போனவர்களுக்குக் கால் அளக்கும் இந்தக் கட்டம் தெரியும். உயரம் 162.5 செ.மீ. இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் போகிறோம். அதோடு விடுவதில்லை. சுவரில் முதுகை ஒட்டி உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, குதிகால் வரை அளக்கிறார்கள். 99க்குக் குறையக் கூடாது, 120ஐத் தாண்டக் கூடாது. எனக்கு 98.

பக்கத்தில் ஹரியானாவிலிருந்து வந்த பையன். நின்றால் இரண்டு பேரும் 166, தோளோடு தோள் சரியாக நிற்கிறது. உட்கார்ந்தால் என் தலை அவன் தலைக்கு மேலே. காலை நீட்டினால் அவன் பாதம் என் பாதத்தைத் தாண்டிப் போகிறது. அவனுக்கு 102. அந்தத் தரையும் முன்னும் பின்னுமாகக் கிடந்த எங்கள் குதிகால்களும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

விதியைக் குறை சொல்லவில்லை. ரடர் பெடல் (விமானத்தின் திசையைக் காலால் மிதித்துத் திருப்பும் பெடல்) எட்டினால்தான் விமானத்தை ஓட்ட முடியும். தொடை 64 செ.மீ.க்கு மேல் நீண்டிருந்தால் அவசரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முட்டி அடிபடும். எல்லாம் சரி. ஆனால் ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு பேருக்குக் கால் மட்டும் எப்படி மாறுகிறது? உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

திருப்பூர் நூல்:

தம்பி, எங்கள் வேலையே இந்த வித்தியாசத்தில்தான் ஓடுகிறது. உடுப்பு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் மெஷர்மென்ட் சார்ட்டில் மார்புச் சுற்றளவு ஒன்றாகவே இருக்கும், கை நீளமும் இன்சீமும் (கால்சட்டையின் உள்பக்கக் கால் நீளம்) நாட்டுக்கு நாடு மாறும்.

ஐரோப்பியக் குழந்தை உடுப்புகளுக்கு அளவே உயரம்தான். 104, 110, 116 என்று போகும். 116 என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கு. ஒருமுறை நெதர்லாந்து ஆர்டரில் மிஞ்சிய 116 சட்டை ஒன்றை என் பெண்ணுக்குக் கொண்டுவந்தேன். அவளுக்கு ஏழு முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. சட்டை அப்படியே பொருந்தியது, கை மட்டும் விரல் பாதியை மூடியது. அவள் சந்தோஷமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

ஒஸ்லோ மழை:

நான் யாழ்ப்பாணம், இப்ப நோர்வே. திருப்பூர் அண்ணா சொன்னது எனக்கும் நடந்தது. மகனுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது பள்ளிச் செவிலியர் அவன் உயரத்தை வளர்ச்சி அட்டையில் குறித்தார். புள்ளி எல்லாக் கோடுகளுக்கும் கீழே போய் விழுந்தது. அந்தப் பிள்ளை அட்டையையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். நான் ஐந்தடி, அவனுடைய அப்பா ஐந்தடி நாலு. செவிலியர் எங்களைப் பார்த்ததுமே "குடும்பத்தில் வருவது" என்று சொல்லி முடித்துவிட்டார்.

எனக்கு அது ஆறவில்லை. உலக சுகாதார நிறுவனம் குழந்தை வளர்ச்சி அட்டை போடுவதற்கு 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்தது. அதில் ஒஸ்லோவும் உண்டு, டில்லியும் உண்டு. நல்ல உணவும் தாய்ப்பாலும் சுத்தமும் கிடைத்த பிள்ளைகளாகப் பார்த்து அளந்தார்கள். ஐந்து வயது வரை வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 19 வயதில் நெதர்லாந்துப் பையனின் சராசரி 183.8, இந்தியப் பையனுடையது 166.5. இவ்வளவு இடைவெளியையும் பரம்பரையின் தலையில் போட என்னால் முடியாது. மகன் இப்ப அப்பாவை விட அரையடி உயரம்.

தேஜான் மாணவன்:

கொரியாவில் ஆராய்ச்சி மாணவன். மெட்ரோவில் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தாலே போதும், பாட்டியின் தலை பேத்தியின் தோளில் இருக்கும். தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் 20 செ.மீ. கூடியிருக்கிறது. நூறு வருஷத்தில் ஒரு இனத்தின் மரபணு மாறாது. நான் ஒஸ்லோ அக்கா பக்கம்.

கிரவுண்டு மாஸ்டர்:

படித்தவர்கள் பேசுவதெல்லாம் சரி. ஆனால் பரம்பரையே இல்லை என்று சொல்லாதீர்கள். நான் வருஷக்கணக்காக ராணுவ, போலீஸ் தேர்வுக்குப் பையன்களைத் தயார்செய்கிறேன். ஒரே பந்தியில் சாப்பிட்டு வளர்ந்த பங்காளிப் பிள்ளைகளில் ஒருவன் 175, ஒருவன் 163. ராணுவமே ஜிடி (பொதுப் பணி) பிரிவுக்குப் பஞ்சாப், ஹரியானாவுக்கு 170, நமக்கு 166, வடகிழக்கு மலைப்பகுதிக்கு 160, கூர்க்காவுக்கு 157 என்று வைத்திருக்கிறது. சும்மாவா வைப்பார்கள்?

என் அனுபவம் ஒன்றுதான். விடியற்காலையில் 166 தொட்ட பையன், வெயிலில் ஓடி முடித்து மதியம் நின்றபோது 165. அவன் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. அதனால் இதைப் படிக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். பகலில் முதுகெலும்பு வட்டுகள் அமுங்கி ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை குறையும். அளவுக்கு முந்தைய ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே வராதீர்கள், முந்தின நாளே போய்ப் படுத்துத் தூங்குங்கள். வரிசையில் நிற்கும் நேரத்தில் பை சுமக்காதீர்கள். குதிகால், பிட்டம், தோள் மூன்றும் பலகையில் ஒட்டட்டும், முகவாயைத் தூக்காதீர்கள், தூக்கினால் உச்சி பின்னால் சாய்ந்து அளவு குறையும். உயரம் கூட்டும் பவுடர் வாங்கி அப்பா காசைக் கரைக்காதீர்கள். எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் பாலும் இல்லை, பவுடரும் இல்லை, தொங்கினாலும் வராது. போலீசுக்கு 170, எஸ்சி எஸ்டி தம்பிகளுக்கு 167. முதலில் வீட்டில் சரியாக அளந்துவிட்டு அப்புறம் கிரவுண்டுக்கு வாருங்கள்.

அங்கன்வாடி செல்வி:

மாஸ்டர் அண்ணா, பங்காளிகளுக்குள் வித்தியாசம் பரம்பரைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் உள்ள வித்தியாசம் வேறு கணக்கு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குள் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் கேரளாவில் நூற்றுக்கு 23, நம் மாநிலத்தில் 25, பீகாரில் 43, மேகாலயாவில் 46.

என் மையத்துக்குப் பக்கத்தில் செங்கல் சூளை. பீகார் குடும்பம் ஒன்று. மூத்தவன் அங்கே பிறந்து ஒரு வயதில் வந்தான், இளையவள் இங்கேயே பிறந்தாள். இவளுக்குத் தாய் கர்ப்பமாக இருந்ததிலிருந்து சத்துமாவு, அப்புறம் முட்டை, தடுப்பூசி, சுத்தமான தண்ணீர். அவனுக்குக் கைக்குழந்தையில் ஓயாத வயிற்றுப்போக்கு என்று தாய் சொன்னாள். ஒரு நாள் இரண்டு பேரையும் உயரம் அளக்கும் பலகையில் நிறுத்தினேன். அண்ணன் அவளை விட இரண்டு வயது மூத்தவன், குறுக்குக் கட்டை இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றது. ஒரே தாய், ஒரே தகப்பன். தாய் என் முகத்தைப் பார்த்து, "இவனுக்கு நான் என்ன குறை வைத்தேன்?" என்று கேட்டாள்.

வானம் தம்பி, உங்கள் கேள்விக்கும் பதில் அங்கேதான் பெரும்பாலும் இருக்கிறது. சிறுவயதில் உடம்பை விடக் கால்தான் வேகமாக நீளும். அந்த வருஷங்களில் சாப்பாடு குறைந்தாலோ நோய் திரும்பத் திரும்ப வந்தாலோ முதலில் அடிபடுவது கால் நீளம். ஜப்பானில் போருக்குப் பின் 1957க்கும் 1977க்கும் இடையில் இளைஞர்கள் உயர்ந்தபோது கூடியது கிட்டத்தட்ட முழுக்கக் கால்தான், உட்கார்ந்த உயரம் அதிகம் மாறவில்லை. குவாத்தமாலாவின் மாயா பழங்குடிக் குடும்பங்கள் அமெரிக்காவில் குடியேறிய பிறகு அவர்களின் பிள்ளைகள் ஊரில் இருந்த பிள்ளைகளை விட சுமார் 11 செ.மீ. உயர்ந்தார்கள், அதில் பாதிக்கு மேல் காலில் கூடியது. குளிர் நாட்டு உடலுக்குக் கால் குட்டை, வெப்ப நாட்டுக்கு நீளம் என்ற பழைய தட்பவெப்பக் கணக்கும் உண்டு. ஆனால் உங்களையும் அந்த ஹரியானாத் தம்பியையும் பிரித்தது அது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மாஸ்டர் அண்ணா, உங்களிடம் வரும்போது பையனுக்குப் பதினெட்டு. கர்ப்பத்திலிருந்து இரண்டு வயது முடியும் வரையிலான ஆயிரம் நாளில்தான் பெரும்பகுதி தீர்மானமாகிறது. உங்கள் கிரவுண்டுக்கு வரும் பையன்களின் வீட்டில் தங்கைகளும் அக்காக்களும் இருப்பார்கள், அவர்கள் கர்ப்பமாகும்போது அருகில் உள்ள மையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். சத்துமாவை மாட்டுக்குக் கரைத்து வைக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.