நியூக்ளியர் ஆப்ஷன்: தமிழ்ல என்ன வைக்கலாம்? (அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்ல, விதியோட எழுத்தைத் தொடாம அதுக்குச் சொல்ற பொருளை மட்டும் சாதாரணப் பெரும்பான்மையால மாத்திடுற உத்திக்கு அங்க இந்தப் பேர்.)

> "அணுவாயுதத் தெரிவு"ன்னு அப்படியே போட்டுடலாமே

வேணாங்க ஐயா. "செனட்டில் அணுவாயுதத் தெரிவு"ன்னு தலைப்பு வச்சா எவன் தலையில குண்டு விழப்போகுதோன்னுதான் படிக்கிறவர் பதறுவார். விஷயம் என்னமோ அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல காலியான ஒரு நாற்காலிக்கு ஆள் போடுற தகராறு.

உவமையை விட்டுட்டு அங்க நடந்த காரியத்தைப் பாருங்க. 2017 ஏப்ரல்ல அந்த நாற்காலிக்கு டிரம்ப் அனுப்பின நீல் கோர்சச் பேரை ஜனநாயகக் கட்சிக்காரங்க ஃபிலிபஸ்டர் பண்ணி, அதாவது விவாதத்தை முடிக்க விடாம இழுத்து, நிறுத்துறாங்க, விவாதத்தை முடிச்சு ஓட்டெடுப்புக்குப் போக 60 பேர் வேணும், குடியரசுக் கட்சிக்கு இருந்ததே 52 பேர். உடனே குடியரசுக் கட்சியோட செனட் தலைவர் மெக்கானல் எழுந்து இதுக்கும் சாதாரணப் பெரும்பான்மை போதும்னு ஒரு ஒழுங்குப் பிரச்சினை கிளப்புறார், அவைத்தலைவர் இருக்கையில இருந்தவர் இல்ல அது பொருந்தாதுன்னு தீர்ப்பு சொல்றார், அதை எதிர்த்து அப்பீல், 52-48ல அந்தத் தீர்ப்பே கவுந்துடுச்சு. அவ்ளோதான். விதிப்புத்தகத்துல ஒரு எழுத்து மாறல. விதியையே திருத்தணும்னு போயிருந்தா அந்த விவாதத்தை முடிக்கவே மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், அதுக்கு எங்க போறது!

> அப்ப "விதிமீறல்"னு சுருக்கமா வைங்க

அது கட்சி கட்டுற சொல்லுங்க. 2005ல இதே யோசனை வந்தப்ப ஆதரிச்சவங்க "அரசியலமைப்பு வழி"ன்னு பேர் வச்சுக்கிட்டாங்க, எதிர்த்தவங்களுக்கு அது அணுகுண்டு. அப்புறம் 2013 நவம்பர்ல ஜனநாயகக் கட்சியோட செனட் தலைவர் ஹாரி ரீட் கீழ்கோர்ட் நியமனங்களுக்கு இதே வித்தையைக் காட்டினப்ப ரெண்டு பக்கமும் வசனத்தை மாத்திக்கிட்டாங்க, அன்னைக்கும் ஓட்டு 52-48தான். யார் செஞ்சாலும் பொருந்துற மாதிரி இல்லன்னா அது கலைச்சொல் இல்ல, வசவு.

என் பரிந்துரை: விதிப்பொருள் மாற்றம். விதி அப்படியே இருக்கு, அதுக்கு அவை சொல்ற பொருள்தான் மாறுது. "விதிப்பொருள் மாற்றத்துக்குப் பின் கோர்சச் நியமனம் 54-45 வாக்குகளில் நிறைவேறியது"ன்னு போட்டுப் பார்த்தேன், உறுத்தல. கொஞ்சம் மொட்டையா இருக்குன்னு தோணும், காரமெல்லாம் கட்டுரை எழுதுறவர் சேர்த்துக்கட்டும்.

ஃபிலிபஸ்டருக்கு ஒருத்தர் "இழுவாதம்"னு சொல்லியிருக்கார், எனக்கு அது பக்கவாதத்துக்குத் தம்பி மாதிரி கேக்குது, தனி இழையில பேசலாம்.

அப்புறம் ஒண்ணு. 2016ல உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்த இடத்துக்கு ஒபாமா மெரிக் கார்லண்டை அனுப்பினாரே, அந்தக் கதையையும் இதே சொல்லுக்குள்ள யாரோ அடைச்சிருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். அங்க ஓட்டெடுப்பும் இல்ல, விதியைப் பத்தின பேச்சும் இல்ல, செனட் கமிட்டி அவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கூடக் கேக்கல, தேர்தல் வருஷம்னு சொல்லியே அடுத்த ஜனவரி வரைக்கும் ஓட்டிட்டாங்க. அதுக்குப் புதுசா ஒண்ணும் உருவாக்க வேணாம், "கிடப்பில் போடுதல்" நம்ம ஆபீஸ்கள்ல எப்பவோ இருக்கு.