நீண்ட விரதம் முடித்த அன்று உங்களுக்கு என்ன ஆனது?

செந்தூர்க்கரை:
சஷ்டி விரதம் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் நாத்தனார் ஆறு நாளும் இளநீர், தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. ஏற்கெனவே ஒல்லி, அதற்கு முன்பும் அரைகுறைச் சாப்பாடுதான். திருக்கல்யாணம் பார்த்துவிட்டு வந்து இலை நிறையச் சோறு, வடை, பாயசம். மறுநாள் சாயங்காலம் காபி டம்ளரை எடுத்தார். விரல் மடங்கவே இல்லை, டம்ளர் நழுவி மடியெல்லாம் காபி. கெண்டைக்கால் துடிக்கிறது, நெஞ்சு படபடவென்கிறது, கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது. வயிறாரச் சாப்பிட்டவருக்கு ஏன் இப்படி என்று யாருக்கும் புரியவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை நாள் பட்டினி, எதைச் சாப்பிட்டு முடிச்சீங்க?" ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் நன்றாக இறங்கியிருந்தன.

மார்கழிக்கோலம்:
எங்கள் வீட்டில் ஏகாதசி முடிந்து துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய்தான். ஒரு வருஷம் மட்டும் எழுந்தபோது கண் இருட்டி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா உப்புப் போட்ட மோர் கொடுத்தார், சரியாகிவிட்டது. ஆறு நாளும் இளநீர் குடித்தவருக்குப் பொட்டாசியம் எப்படிக் குறையும்? வேறு ஏதாவது நோய் இருந்திருக்கும் அக்கா.

இரவுப்பணி:
மார்கழிக்கோலம், ஒரு நாள் ஏகாதசியும் ஆறு நாள் பட்டினியும் ஒன்றா? நான் செவிலி. நாள் கணக்கில் சாப்பிடாமல் கிடந்த பெரியவர் ஒருவர் வார்டுக்கு வந்தார். சாப்பாடு ஆரம்பித்த மறுநாள் ராத்திரி மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடியது, இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறும். அது ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். உடம்பில் இருப்பும் கரைந்திருக்கும். இளநீர் குடித்தவருக்கும் குறைவது அதனால்தான். 2003-ல் லண்டனில் டேவிட் பிளெய்ன் என்ற அமெரிக்க மாயவித்தைக்காரர் 44 நாள் வெறும் தண்ணீரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துப் பார்த்து உணவு கொடுத்தும் அவருக்குப் பாஸ்பேட் இறங்கியது.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டை நம்பி இருக்காதீர்கள். அதில் சோடியம், பொட்டாசியம் உண்டு, பாஸ்பேட்டும் மெக்னீசியமும் கிடையாது. பாஸ்பேட்டுக்குப் பால், தயிர், பருப்பு, முட்டை. மெக்னீசியத்துக்குக் கீரை, வேர்க்கடலை. முதல் இரண்டு நாள் வழக்கமான சாப்பாட்டில் பாதியைத் தாண்டாதீர்கள். மோர், பருப்புத் தண்ணீர், கொஞ்சமாகக் குழைந்த கஞ்சி என்று இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள். பி1 எனப்படும் தயமின், சோற்றில் கை வைக்கும் முன்பே உடம்பில் இருக்க வேண்டும், டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிட்னி கோளாறு உள்ளவர்கள் இளநீரைக்கூடத் தாங்களாகக் குடிக்கக் கூடாது. பத்து நாளைத் தாண்டிய பட்டினியை வீட்டில் வைத்து முடிக்கவே வேண்டாம், ரத்தப் பரிசோதனையோடுதான் உணவு தொடங்க வேண்டும்.

செந்தூர்க்கரை:
வேறு நோய் எதுவும் இல்லை மார்கழிக்கோலம், எல்லாம் பார்த்துவிட்டார்கள். இந்த வருஷம் பால், பழம் எடுத்துக்கொண்டு விரதம் இருக்கிறேன் என்கிறார். அத்தைதான் பாரணைக்குப் பால் பாயசம் வைத்தே தீர வேண்டும், அதிலும் பால் இருக்கிறதே என்கிறார். என்ன பதில் சொல்வது?

இரவுப்பணி:
சாமிக்குப் படைக்கட்டும். நாத்தனாருக்கு அன்று சர்க்கரை போடாத பால் அரை டம்ளர், அப்புறம் பருப்புத் தண்ணீர். பாயசம் மூன்று நாள் கழித்து, அதுவும் ஒரு கரண்டி.