பழைய செசமி ஸ்ட்ரீட் பொம்மைகள்: உங்கள் கைக்கு வந்தது எப்படி?

நீலப்பஞ்சு (நியூஜெர்சி)

செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் வரும் பாவைகளைப் போலச் செய்த பொம்மைகளைப் பற்றித்தான் பேச்சு. நானே ஆரம்பித்து வைக்கிறேன். 2009, ஏதோ ஒரு சனிக்கிழமை. பையனுக்கு மூன்று வயது. தெருமுனையில் யாரோ வீட்டுப் பழைய சாமான்களை வைத்து கராஜ் சேல் போட்டிருந்தார்கள். நான் போனது ஒரு டேபிள் ஃபேனுக்காக. அட்டைப்பெட்டிக்குள் தலையைவிட்ட பையன், செசமியில் பிஸ்கட் தின்னும் பூதமான குக்கி மான்ஸ்டரைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். நீலம் வெளுத்து, பழைய ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி ஆகியிருந்தது. ஒரு கண் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு டாலர். ஃபேன் கிடைக்கவில்லை.

ராத்திரி கண்ணைத் தைக்க உட்கார்ந்தபோதுதான் தையலோடு சேர்ந்திருந்த துணி டேக்கைப் பார்த்தேன். 'நிக்கர்பாக்கர்' என்று போட்டிருந்தது. அது ஒரு பழைய பொம்மை நிறுவனம். அப்போது கடையில் விற்ற செசமி பொம்மைகள் பெரும்பாலும் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் செய்தவை. இது என்ன புதுப் பெயர் என்று தேடப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன். இன்று அலமாரியில் அறுபத்து நான்கு இருக்கின்றன. வீட்டுக்காரர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இதில் இரண்டு முறை ஏமாந்தேன். டேக்கில் இருக்கும் ஆண்டு பொம்மை செய்த ஆண்டு என்று நம்பாதீர்கள். அது பெரும்பாலும் பதிப்புரிமை (©) ஆண்டு. '1971' என்று அச்சடித்திருக்கும், பொம்மை அதற்குப் பல வருடம் கழித்துக்கூட வந்திருக்கலாம். விற்பவர் "ஐம்பது வருஷப் பொம்மை" என்பார். நாமும் தலையாட்டிக்கொண்டு பணத்தைக் கொடுப்போம். பதிப்புரிமை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், அதுதான் துப்பு. நிகழ்ச்சி தொடங்கியது 1969 நவம்பர் 10. அதை நடத்திய அமைப்பின் பெயர் 'சில்ட்ரன்ஸ் டெலிவிஷன் வொர்க்‌ஷாப்'. 2000இல்தான் அது 'செசமி வொர்க்‌ஷாப்' ஆனது. பழைய பெயர் இருந்தால் பொம்மையும் பழையது, அவ்வளவுதான் கணக்கு. அப்புறம், 'பென்சில்வேனியா' பதிவு எண் ஒன்று இருக்கும். பொம்மை அங்கே தைத்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்த மாநிலத்தில் பஞ்சு பொம்மை விற்கப் பதிவு செய்தாக வேண்டும், அதனால் வந்த எண். நான் ஒரு வருடம் முழுக்க "என்னிடம் பென்சில்வேனியாவில் செய்த பெர்ட் இருக்கிறது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் பெரிய பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். பிக் பேர்டை வாஷிங் மெஷினில் போட்டேன். அதுவும் வெந்நீரில். காலில் இருந்த ஆரஞ்சும் சிவப்பும் மஞ்சள் உடம்பில் இறங்கி, கல்யாண வீட்டில் குங்குமம் கொட்டின வேட்டி மாதிரி வெளியே வந்தது. இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, முதுகைக் காட்டிக்கொண்டு.

உங்கள் கதைகளைப் போடுங்கள். விலை சொல்லிப் பெருமையடிக்க வேண்டாம், அதற்கு வேறு இடம் இருக்கிறது.


பனிக்கால எல்மோ (ஸ்காபரோ)

அக்கா, நீங்கள் மெஷினில் போட்ட கதையை வாசித்துவிட்டு எங்கட வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

எங்கள் கதை 1996 டிசம்பர். நாங்கள் கனடாவுக்கு வந்து இரண்டு வருடம். எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு நாலு. எல்மோ செசமியில் வரும் சிவப்புக் குட்டி. அந்த வருடம்தான் டைகோ நிறுவனம் 'டிக்கிள் மீ எல்மோ' என்ற பொம்மையைக் கடைக்குக் கொண்டுவந்தது. வயிற்றை அமத்தினால் சிரிக்கும், திரும்பத் திரும்ப அமத்தினால் உடம்பு முழுக்க நடுங்கிச் சிரிக்கும். அமெரிக்க விலை முப்பது டாலருக்குள். ஆனால் கடையில் ஒன்றுகூட இல்லை. பேப்பரில் ஆயிரம் டாலருக்கு மேல் கேட்டு விளம்பரம் போட்டார்கள் சிலர். அமெரிக்காவில் ரோஸி ஓ'டோனலின் டிவி நிகழ்ச்சியில் காட்டினார்கள், அதோடு சனம் விசர் பிடித்தமாதிரி ஆனது. கனடாவிலும்தான். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஃப்ரெடெரிக்டன் என்ற ஊரில், எல்மோவுக்காக ஓடி வந்த கூட்டத்தில் கடை ஊழியர் ஒருவர் மிதிபட்டுக் காயப்பட்டார். அதை டிவியில் பார்த்துவிட்டு அப்பா, "ஷெல்லடிக்கு ஓடின நாங்கள் பொம்மைக்கு ஓட மாட்டம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

தங்கச்சி மூன்று நாள் சாப்பிடவில்லை. கடைசியில் அப்பா இரவு வேலை முடிந்து வரும் வழியில் ஒரு சந்தையில் ஏதோ வாங்கிக்கொண்டு வந்தார். சிவப்புத்தான். ஆனால் மூக்கும் சிவப்பு. எல்மோவுக்கு மூக்கு ஆரஞ்சு என்று நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? அமத்தினால் சிரிக்கவும் இல்லை. "இது எல்மோ இல்லை" என்று அழத் தொடங்கினாள். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "ஓம் பிள்ளை, இது எல்மோ இல்லை. இவர் எல்லாளன்" என்றார். அவ்வளவுதான், அழுகை நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவர் எல்லாளன். அம்மம்மா அவருக்குப் பொட்டு வைத்துவிடுவா.

2014இல் ஒரு பழைய சாமான் கடையில் அசல் டைகோ எல்மோவைக் கண்டேன். பற்றரிப் பெட்டியைத் திறந்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய் இருந்தது. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் தொட்டு ஒரு மாலை முழுக்கத் துடைத்தேன். புதுப் பற்றரி போட்டதும் சிரித்தது. ஆனால் மெதுவாக, தொண்டை கட்டின கிழவர் மாதிரி. அதைப் பொதி சுற்றித் தங்கச்சியின் பிறந்த நாளுக்குக் கொடுத்தேன். "நல்லா இருக்கு" என்று வாங்கி வைத்தாள். கட்டிலில் இருப்பது எல்லாளன்தான்.

ஒரு சின்ன விஷயம். அந்தச் சிரிப்புப் பொம்மை முதலில் எல்மோவே இல்லை, தெரியுமோ? ரான் டுப்ரன் என்பவர் கிரெக் ஹைமன் என்ற இன்னொருவரோடு சேர்ந்து யோசித்தது ஒரு குரங்குக்குட்டி. உரிமம் டைகோவின் கையில் இருந்ததால் குரங்கு எல்மோ ஆனது. அப்படிப் பார்த்தால் அசல் எல்மோவும் ஒரு வகையில் எல்லாளன்தான்!


கூடத்துத்தவளை (அட்லாண்டா)

எல்லாளனுக்கு என் வணக்கம்.

நான் பொம்மைகள் அதிகம் வைத்திருக்கவில்லை, பதினைந்துக்குள்தான். ஆனால் ஊரில் 'சென்டர் ஃபார் பப்பட்ரி ஆர்ட்ஸ்' இருக்கிறது. அங்கே, செசமி பாவைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சனின் குடும்பம் கொடுத்த பாவைகளை வைத்து 2015இல் ஒரு காட்சியகம் திறந்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அரைமணி நேரம் ஒரு கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை என்றால் இதுதான். செசமியின் நண்பர் ஜோடி எர்னிக்கும் பெர்ட்டுக்கும் கை ஒரே மாதிரி இல்லை. எர்னியின் கைகள் கையுறை மாதிரி. உள்ளே உண்மையான மனிதக் கை இருக்கும். அதனால்தான் அவன் எதையும் விரலால் எடுப்பான். அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தலையும் ஒரு கையும், இன்னொருவர் மற்றக் கை. பெர்ட்டின் கைகள் மெல்லிய கம்பியால் அசைவன, ஒரே ஆள் போதும். ஹென்சன் எர்னியாகவும் ஃபிராங்க் ஆஸ் பெர்ட்டாகவும் இருந்த காலத்தில், பெர்ட்டின் அந்த விறைப்பான குணத்துக்குக் கம்பிக் கை எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். குக்கி மான்ஸ்டரும் கையுறை ரகம்தான், இல்லாவிட்டால் பிஸ்கட்டை அப்படி அள்ளி வீச முடியுமா?

வீட்டுக்கு வந்து என் பொம்மைகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பாதிப் பொம்மைகளில் எர்னிக்கும் பெர்ட்டுக்கும் ஒரே அச்சில் வெட்டின கை. ஒன்றில் மட்டும் எர்னிக்கு விரல்கள் பருமனாக, தனித்தனியாக இருந்தன. அதைத் தைத்தவர் நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து டேக்கைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்க்கிறேன்.

இன்னொரு குழப்பம் எல்லாரும் கேட்பது, கெர்மிட் தவளை செசமி வரிசையில் ஏன் இப்போது வருவதில்லை என்று. தெருவில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு செய்தி வாசித்தவன்தானே? ஆனால் செசமி பாத்திரங்களின் உரிமை 2000 முடிவில் செசமி வொர்க்‌ஷாப்புக்குப் போனது, கெர்மிட்டும் ஹென்சனின் இன்னொரு பாவையான மிஸ் பிக்கியும் 2004இல் டிஸ்னிக்குப் போனார்கள். பாகப் பிரிவினை. ஒரே ஆள் கையால் பிறந்த பிள்ளைகள், இன்று கடையில் வேறு வேறு அலமாரி. என் கெர்மிட் 70களின் ஃபிஷர்-பிரைஸ். கையிலும் காலிலும் வெல்க்ரோ, எதைக் கட்டிப்பிடிக்க வைத்தாலும் பிடித்துக்கொள்ளும். வெல்க்ரோவில் நாற்பது வருடத் தூசி. பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன், யாருடைய பழைய தலைமுடியோ வந்தது.

முதல் கெர்மிட்டை ஹென்சன் தன் அம்மாவின் பழைய பச்சைக் கோட்டையும் பிங்பாங் பந்தையும் வெட்டிச் செய்தார், 1955இல். அது இப்போது ஸ்மித்சோனியனில். பழைய துணி, ஒரு டாலர் என்று யாரும் அலட்சியமாகப் பேசினால் இதைச் சொல்லிவிடுங்கள்.


தெம்பனிஸ் குட்டி (சிங்கப்பூர்)

நான் சின்னதாக முடிக்கிறேன். 2018இல் யூனிக்லோ துணிக்கடை, கௌஸ் என்ற கலைஞரோடு சேர்ந்து செசமி பொம்மைகள் போட்டது. கண்ணில் கருவிழிக்குப் பதில் பெருக்கல் குறி. காலையிலேயே போய் வரிசையில் நின்று எல்மோவையும் குக்கியையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா சோபாவிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன்டா, கூட்டத்துல நின்னு செத்த பொம்மையையா வாங்கிட்டு வந்த?" என்றார். அதற்குமேல் எனக்கு அதைச் சாமி அறை பக்கத்தில் வைக்கத் தைரியம் இல்லை.

உரிமம் உள்ள பொம்மைதான், நல்ல தையல்தான். ஆனாலும் உண்மையைச் சொன்னால் எனக்கு ஒட்டவில்லை. அதைக் குழந்தை கையில் கொடுக்க யாருக்கும் மனசு வராது. ஜப்பானின் ஒசாகாவில் யூனிவர்சல் கேளிக்கைப் பூங்காவில் மட்டும் இருக்கும் மாப்பி என்ற இளஞ்சிவப்புப் பொம்மை ஒன்று வைத்திருக்கிறேன். அதைத்தான் அக்கா மகள் கடிக்கிறாள்.

ஒரு சந்தேகம்: இணையத்தில் வாங்கின ஆஸ்கர் (பச்சைதான், முதல் சீசனில் இருந்த ஆரஞ்சு நிறம் கிடைக்குமா என்று யாரும் கனவு காண வேண்டாம்) சிகரெட் நாற்றத்தோடு வந்திருக்கிறார். விற்றவர் "புகையில்லா வீடு" என்று எழுதியிருந்தார். குப்பைத்தொட்டியில் வாழ்கிறவர் என்றாலும் இது அதிகம். என்ன செய்வது?


நீலப்பஞ்சு (நியூஜெர்சி)

தம்பி, ஜிப் போட்ட பெரிய பையில் ஆஸ்கரையும் அரை டப்பா சமையல் சோடாவையும் போட்டு, குலுக்கி, ஒரு வாரம் விடு. அப்புறம் வேக்குவம் கிளீனர் வாயில் பழைய ஸ்டாக்கிங்ஸைக் கட்டி உறிஞ்சு, கண் பிய்ந்து உள்ளே போகாது. நாற்றம் போகாவிட்டால் இன்னொரு வாரம். மெஷினில் மட்டும் போடாதே, சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

எர்னி கை விஷயம் படித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து போய் என் அலமாரியைப் பார்த்தேன். ஒன்பது எர்னியில் இரண்டுக்குத்தான் விரல் ஒழுங்காக இருக்கிறது. ஒரு பெர்ட்டுக்குப் புருவமே இல்லை, ஒட்டின பசை போய் எங்கேயோ விழுந்துவிட்டது. புருவம் இல்லாத பெர்ட் யாரோ பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறார். கறுப்பு ஃபெல்ட் வெட்டி ஒட்டலாமா, அப்படியே விடலாமா என்று இன்னும் தீர்மானம் இல்லை.

இப்போது என் அவசரம் வேறு. அந்த முதல் குக்கி மான்ஸ்டரைப் பையன் கேட்கிறான். வயது பத்தொன்பது, இந்த மாதக் கடைசியில் காலேஜ் ஹாஸ்டலுக்குத் திரும்பப் போகிறான். போன வருடம் கேட்கவில்லை. "ரூம்மேட் ஒரு பொம்மை கொண்டாந்திருக்கான்மா, நானும் கொண்டுபோறேன்" என்கிறான். நிக்கர்பாக்கர், டேக் முழுசாக இருக்கிறது, நான் 2009இல் தைத்த கண் மறுபடி ஆடுகிறது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. விமானத்தில் எப்படி அனுப்புவது?


கூடத்துத்தவளை (அட்லாண்டா)

பெட்டியில் போடாதீங்க அக்கா, கைப்பையில் போகட்டும். கண்ணைத் திரும்ப இறுக்கித் தைக்க வேண்டாம். பழைய துணி நூலோடு சேர்த்துக் கிழிந்து வரும். உள்பக்கம் ஒரு சின்ன ஃபெல்ட் வட்டம் வைத்து, அதில் பிடித்துத் தையுங்கள். தலைக்குமேல் சுற்றிப் பருத்தித் துணிதான் கட்ட வேண்டும், பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வியர்க்கும்.

கண்ணைக் கொஞ்சம் கோணலாகவே விடுங்கள். குக்கிக்கு இரண்டு கருவிழியும் ஒரே பக்கம் பார்த்தால் ஆளே மாறிவிடுவார்.


பனிக்கால எல்மோ (ஸ்காபரோ)

அக்கா, டேக்கை மட்டும் ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கோ. ஹாஸ்டலில் ஒரு நாள் குக்கியும் மெஷினுக்குள் போவார், தாயைப்போல பிள்ளை.