டெல்லி ஜெய்ப்பூர் ஹவுஸ் ஓவியக்கூடம்: அப்பாவுக்கு முதலில் எதைக் காட்டலாம்?

விருதுநகர்க்காரன்:
வணக்கம். அடுத்த மாதம் அப்பாவை டெல்லிக்கு அழைத்துப் போகிறேன். 34 வருடம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். ஜெய்ப்பூர் மகாராஜாவின் டெல்லி மாளிகையில் இருக்கிற தேசிய நவீன ஓவியக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முட்டி வலி உண்டு, ரொம்ப நேரம் நிற்க முடியாது. அரை நாள்தான் கிடைக்கும். எதைத் தவறவிடக் கூடாது?

கரோல்பாக் தமிழ்:
ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இருபது வருடமாக டெல்லியில் இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு தடவையாவது அங்கே போய்விடுவேன்.

முதலில் ஒன்று: திங்கட்கிழமை விடுமுறை. என் அம்மாவை ஒரு திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுநாளே அவருக்கு ஊருக்கு ரயில். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

மாளிகை இந்தியா கேட் பக்கத்திலேயே இருக்கிறது. 1936-ல் கட்டியது. நடுவில் குவிமாடம், இரண்டு பக்கமும் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி விரியும். 1954-ல் ஓவியக்கூடமானது. 2009-ல் திறந்த புதுக் கட்டடம் பெரியது. அதை முழுக்கச் சுற்ற நினைத்தால் ஐயாவின் முட்டி தாங்காது.

அதனால் நேராக அம்ரிதா ஷெர்கில் படங்களுக்குப் போங்கள். 28 வயதில் இறந்துபோனவர். அவருடைய படங்கள் நூற்றுக்கு மேல் இந்தக் கூடத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. 'மூன்று பெண்கள்' படத்தில் ஒருத்தியும் நம்மைப் பார்ப்பதில்லை. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகள் ஞாபகம் வந்து, எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். தெற்கே கன்னியாகுமரிவரை சுற்றிவிட்டு 1937-ல் வரைந்த 'பிரம்மச்சாரிகள்' காட்சியில் இருந்தால், அதன் முன்னால் கால் மணி நேரமாவது இருங்கள். அந்த வேட்டிகளின் வெள்ளையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஓவிய ஆசிரியருக்கு நான் என்ன சொல்ல?

பாலம் ரோடு:
உள்ளே போய்க் களைப்பதற்கு முன்பே வெளியே இருக்கிற சிலைகளைப் பார்த்துவிடுங்கள். நம் மெரினாவில் இருக்கிற உழைப்பாளர் சிலையின் இன்னொரு வார்ப்பு அங்கே நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்தவர் என்பதால் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

கரோல்பாக் தமிழ்:
இதை எப்படி மறந்தேன்! கட்டாயம் பாருங்கள். பாறையை நெம்புகிறவர்களின் கெண்டைக்காலைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

விருதுநகர்க்காரன்:
போய்விட்டு வந்துவிட்டோம். உங்கள் இருவருக்கும் நன்றி.

'பிரம்மச்சாரிகள்' காட்சியில் இருந்தது. அப்பா ஒரு வேட்டியில் பச்சை ஓடுவதைக் காட்டினார், இன்னொன்றில் மஞ்சள். "வெள்ளைக்கு வெறும் வெள்ளையைப் போட்டால் துணி உடம்பில் ஒட்டாதுடா, எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்" என்றார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

வெளியே உழைப்பாளர் சிலையை இரண்டு தடவை சுற்றி வந்தார். முட்டி வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. மெரினாவில் இருப்பதை இத்தனை வருடமாக பஸ்ஸில் இருந்தபடியேதான் பார்த்திருக்கிறாராம், ஒரு நாளும் இறங்கியதில்லையாம். திரும்பும்போது சென்னையில் அடுத்த ரயிலுக்கு நான்கு மணி நேரம் இருந்தது. சென்ட்ரலில் பெட்டியை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தோம்.